பன்னிரண்டில் பத்து

நல்லது பேசினாலும் கெட்டது பேசினாலும், பெரியவர்கள் கூடிவிட்டால் பிள்ளைகளை அடுப்படிக்கு அனுப்பிவிடுவது நம் வழக்கம். பேச்சே அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் என்றாலும் அனுப்பிவிடுவார்கள். அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை, வில்லாபுரத்து வாடகை வீட்டின் அடுப்படியில் அஸ்வினி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பங்கு என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று கலந்து பேசுகிறோம் என்பார்கள். அதுவும் பொய்யில்லை. அஸ்வினியின் அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. அப்பா முத்துப்பாண்டி வெல்டர். வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். நாலு மாதம் மதுரையைச் சுற்றி ஏறாத படி இல்லை என்று அலைந்துவிட்டு, கடைசியில் கத்தாருக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போவதென்று முடிவாகியிருந்தது. வருகிற ஞாயிறு விமானம். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் போகிற பெண்ணை எங்கே விடுவது என்பதுதான் பேச்சு.

அடுப்படிக்குக் கதவு கிடையாது. பழைய சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். காது கேட்காதவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் கூடத்தில் பேசினார்கள்.

முதலில் வாயைத் திறந்தவர் பெரியப்பா முத்துக்கருப்பன். சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் நெல் விவசாயம், கிணறு வற்றாத பூமி. அவருக்கு வருடம் என்றால் மூன்று போகம். ஜனவரி பிப்ரவரி எல்லாம் காலண்டர் அடிக்கிறவன் வைத்துக்கொண்ட பெயர்.

"எம் பூமியில வருசத்துக்கு மூணு போகம். ஒரு போகம் புள்ள எங்கிட்ட இருக்கட்டும். மூணுல ஒரு பங்கு. நீ கலங்காத தம்பி."

அடுத்தது மாமா அழகுபாண்டி, அஸ்வினியின் அம்மாவுக்கு அண்ணன். அவனியாபுரத்தில் இருக்கிறார். மோட்டார் உதிரி பாகம் விற்கிற கடையில் கணக்கு எழுதுகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரிக்கணக்கு அனுப்பி அனுப்பி, அவருக்கு வருடம் நாலு துண்டாகத்தான் தெரியும்.

"ஒரு காலாண்டு நான் பாத்துக்கிறேன் மாப்ள. நாலுல ஒண்ணு. வீட்லயும் கேட்டுட்டுத்தேன் வந்தேன்."

வீட்டிலும் கேட்டாராம். கேட்கப்பட்ட மாமி தலைவலி என்று வரவில்லை.

அத்தை கனகலட்சுமி இத்தனை நேரம் பேசாமல் இருந்தாள். அம்மா வழிக்காரர் எவ்வளவு சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் அப்பா வழிக்காரி வாயைத் திறப்பாளா? அவள் கட்டிக்கொடுத்த ஊரான திருமங்கலத்தில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிற பையன்கள் இரண்டு பேர். அவளுடைய வருடம் பரீட்சைகளால் ஆனது.

"காலாண்டுப் பரீட்சை முடிஞ்சதுல இருந்து அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்ணே. அரையில கால் போனா கால். அழகுபாண்டி மச்சான் கால் எடுத்தா நானும் கால். எங்கண்ணன் மகளுக்குச் செய்யிறதுல நான் கொறஞ்சு போயிருவேனா?"

"மூணு பேரும் ஏத்துக்கிட்டீக. அம்புட்டுத்தேன். எனக்கு வேற என்ன வேணும்" என்றார் அப்பா. இனி யாரும் இதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்பது போல மாமா மின்விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொன்னார்.

அடுப்படியில் அஸ்வினியின் கை நின்றுவிட்டது. மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, நாலில் ஒன்று. என்னவோ சரியில்லை.

முழு ஆண்டுப் பரீட்சையில் இதே மாதிரி ஒரு கணக்கு வந்தது, ஐந்து மதிப்பெண். கணக்கு வாத்தியார் இம்மானுவேல் சார் ஒரு மாதம் இதற்காகவே தொண்டை வறளக் கத்தினார். பகுதிகள் வேறு வேறாக இருந்தால் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டித் தொலைக்காதீர்கள் என்பார். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் கூட்டித் தொலைத்தார்கள். அப்படிக் கூட்டினால் பதினொன்றில் மூன்று வரும். பெரியப்பா ஒருவர் கொடுத்த மூன்றில் ஒன்றைவிட அது சின்னது. மூன்று பேர் சேர்ந்து கொடுத்தது ஒருவர் கொடுத்ததைவிடக் குறையும் என்றால் அதைவிட அநியாயம் உண்டா? எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டாக வெட்டு, அப்புறம் எண்ணு என்பதுதான் சார் சொன்ன வழி.

சுவரில் தொங்கிய தேதி காலண்டரிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்து, அதன் முதுகில் எழுதினாள். மூன்றுக்கும் நாலுக்கும் மீச்சிறு பொது மடங்கு பன்னிரண்டு. பெரியப்பா நாலு. மாமா மூன்று. அத்தை மூன்று.

பன்னிரண்டில் பத்து.

மறுபடியும் கூட்டினாள். பத்துதான். ஒருவேளை பன்னிரண்டு சின்ன எண் என்பதால் ஏதாவது விட்டுப்போகிறதோ என்று இருபத்து நாலில் போட்டுப் பார்த்தாள். எட்டு, ஆறு, ஆறு. இருபத்து நாலில் இருபது. முப்பத்தாறில் முப்பது வந்தது. நாற்பத்தெட்டில் நாற்பது வந்தது. எத்தனை பொடியாக வெட்டினாலும் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. தாளில் இடம் தீர்ந்தது. வருடத்தில் இரண்டு மாதம் அவள் யார் வீட்டிலும் இல்லை.

பெரியம்மா முத்துத்தாய் உலைப்பானையைப் பார்க்க உள்ளே வந்தாள். அவள் பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு ரெண்டுதான். பிள்ளைகளைக் கொஞ்சுகிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. அஸ்வினி தாளை மடியில் ஒளித்துக்கொண்டு கேட்டாள்.

"பெரியம்மா, ஒரு போகம்னா எம்புட்டு நாளு?"

"நாத்துப் பாவுனதுல இருந்து களத்துல தூத்தி முடிக்கிற வரைக்கும் நாலு மாசம். எதுக்குக் கேக்குற?"

"அஞ்சு மாசம் ஆகாதா?"

"இப்ப வர்ற நெல்லு மூணரை மாசத்துலயே தலை சாஞ்சிருதுடி. நீ அஞ்சு மாசத்துக்கு எங்க போவ?"

கேட்காமலே இருந்திருக்கலாம். இருந்த நாலிலும் அரை மாதம் போய்விடும் போலிருந்தது. தண்ணீர்ச் செம்பு கொண்டுபோகிற சாக்கில் திரைக்கு வெளியே போய் அத்தையிடம் மெதுவாக, காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று கேட்டாள். "மூணே மாசம்டி, நீ இருக்கிறதே தெரியாம ஓடிரும்" என்றாள் அத்தை, ஆறுதலாகத்தான். மாமாவிடம் அவள் கேட்கவே இல்லை. அவர் தொண்ணூறு நாள் என்றால் தொண்ணூற்றோராம் நாள் காலையில் பையை வாசலில் எடுத்து வைத்துவிடுவார் என்று தோன்றியது. பாவம், அவர் அப்படிப்பட்ட மனிதரே இல்லை. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"அஸ்வினி, அந்தத் தட்ட எடுத்தா" என்று அப்பா கூப்பிட்டார்.

பெரியப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த வெற்றிலை, பாக்கோடு தாம்பாளத்தில் தயாராக இருந்தது. அவர்கள் பக்கத்தில் நிச்சயமானாலும் சரி, நிலம் கைமாறினாலும் சரி, பேசி முடித்ததும் ஆளுக்கு ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்வார்கள். எடுத்த பிறகு பேச்சு மாறாது. மாற்றினால் மனுசனே இல்லை என்று ஊர் பேசும். தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து கூடத்துக்கு எட்டு எட்டு வைக்க வேண்டும். அந்த எட்டு எட்டுக்குள் சொன்னால்தான் உண்டு.

சொல்லலாமா? மூன்று பேரும் மனசாரக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்ததைக் கையில் வைத்து எண்ணிப் பார்த்துப் பத்தவில்லை என்று சொல்லுகிற பிள்ளையை யாருக்குப் பிடிக்கும்? மறுபடி பேச உட்கார்ந்து யாராவது ஒருவர் தன் பங்கைக் குறைத்துவிட்டால் இருக்கிற பத்தும் போய்விடுமே என்றும் பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் அடுத்த வருடம் ஒரு நாள், துணிப்பையோடு ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் நின்று, எந்த ஊர்ப் பஸ்ஸில் ஏறுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். அந்தப் பயம் மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

தட்டைக் கீழே வைக்காமல் நின்றபடியே சொன்னாள். "அப்பா, ரெண்டு மாசம் குறையுது."

"என்னது?"

"மூணுல ஒண்ணு, கால், கால். கூட்டினா பன்னெண்டுல பத்துதான் வருது."

"மூணு பேரு எடுத்திருக்கம், அப்புறம் எப்படித்தா குறையும்?" என்றார் பெரியப்பா. அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். நாலு பேர் பிடித்தால் பந்தல் நிற்கும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு.

மாமா விரல் கணுக்களில் கட்டை விரலை ஓட்டினார். "நாலும் மூணும் ஏழு. ஏழும் மூணும் பத்து." இன்னொரு முறை ஓட்டினார். "ஆமா மாப்ள. பத்துதேன்." கடையில் ஒரு ரூபாய் விட்டுப்போனாலும் இருப்புக்கொள்ளாத மனிதர். முகம் சிறுத்துப்போய்விட்டது.

அத்தை சிரித்துவிட்டாள். "அட இதுக்கா மூஞ்சி இப்பிடி வெளுத்திருக்கு? அது ஏப்ரலும் மேயும்டி. பள்ளிக்கூடமே பத்து மாசந்தான. லீவு விட்டதும் புள்ளைகதேன் அம்மாச்சி வீட்டுக்கு..."

பாதியில் நின்றுவிட்டாள்.

யாரும் வஞ்சகமாக அந்த இரண்டு மாதத்தை விடவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கோடை லீவு என்றால் அம்மாச்சி வீடு. அது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. அன்றைக்கும் அத்தையின் பையன்கள், அம்மாச்சி இல்லாததால், அவர்களுடைய அப்பத்தா வீட்டில் கிடந்தார்கள். மாமாவின் பிள்ளைகள் மாமியின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். பிள்ளை வளர்க்கிற யாரும் அந்த இரண்டு மாதத்தைத் தங்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அஸ்வினியின் அம்மாச்சி போன மாசியில்தான் போய்ச் சேர்ந்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தவர்கள்தான். மாமா தன் கையாலேயே அந்த வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்து வந்தார். அப்படியும் கணக்குப் போடும்போது அந்த வீடு திறந்தே இருந்திருக்கிறது.

"ஏப்ரல்ல எங்களுக்கு வருசக் கணக்கு முடிக்கணும். ராத்திரி வீட்டுக்கு வரவே மணி பதினொண்ணு ஆகும்" என்றார் மாமா. யாரும் அவரைக் கேட்கவில்லை. பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா தரையைப் பார்த்தாள். அத்தை தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். அஸ்வினிக்குத் தட்டு கனத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், தான்தான் எல்லாவற்றையும் கெடுத்தோம் என்று அழுகை முட்டியது.

அப்பா தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார்.

"அந்த ரெண்டு மாசம் நான் வந்துருவேன்ல" என்றார். "வருசா வருசம் லீவு குடுக்குறாக. ஏப்ரல்ல வந்தா மே முடிய இருந்துட்டுத்தேன் போவேன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னண்ணே?" என்று அத்தை பெருமூச்சு விட்டாள். கூடமே மூச்சு விட்டது. மாமாவின் முகம் தெளிந்துவிட்டது. பத்தும் ரெண்டும் பன்னிரண்டு.

அஸ்வினி அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அந்த ஒப்பந்தத் தாளை அவருக்குப் படித்துச் சொன்னவளே அவள்தான். தாள் முழுக்க இங்கிலீஷ். போன வாரம் இரண்டு பேரும் இதே கூடத்தில் உட்கார்ந்து, போன் கேமராவை வரி வரியாகக் காட்டித் தமிழில் மாற்றிப் படித்தார்கள். இருபத்து நாலு மாதம் முடிந்த பிறகே விடுப்பு என்று இருந்தது. போன் தப்பாகச் சொல்கிறதோ என்று அப்பா அந்த வரியை மட்டும் மூன்று முறை காட்டச் சொன்னார். மூன்று முறையும் இருபத்து நாலு என்றுதான் வந்தது.

"இப்பக் கணக்கு சரியா வந்துருச்சாத்தா?" என்று பெரியப்பா அவளிடம் கேட்டார். கேலியில்லை. கண்டுபிடித்தவளிடம் கேட்பதுதான் முறை என்று கேட்டார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

இல்லை என்று சொன்னால் அப்பா போக முடியாது. நாலு மாதமாக அவர் காலையில் குளித்து, சட்டை போட்டு, போக இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தவள். சபையில் பொய் சொன்னவர் என்ற பெயரும் அவருக்கு வரும், அதுவும் மகள் வாயால். ஆமாம் என்று சொன்னால் அந்த இரண்டு மாதமும் அவளுடைய பாடு.

"பன்னெண்டு வந்துருச்சு பெரியப்பா" என்றாள்.

ஆளுக்கு ஒரு வெற்றிலை எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்து, பின்பக்கக் குழாயில் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பெரியம்மா கை கழுவ வந்தாள். கழுவிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"உங்கப்பன் வர மாட்டான்ல?"

அஸ்வினி தேய்த்த சட்டியையே தேய்த்தாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. ஆளத் தெரியும். வந்துருவேன் வந்துருவேன்னு அந்த வெத்தலைய எட்டாக் கிழிச்சுப்புட்டான்." பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஏப்ரலு எங்கிட்ட இரு. உங்க பெரியப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா மே என்னால ஆகாது தாயி. மே முழுக்க நான் திருப்பூர்ல கெடப்பேன். எம் மக கம்பெனிக்குப் போயிருவா, லீவுல அவ புள்ளைகளப் பாக்க ஆளு கெடையாது. அந்த ஒத்த ரூம்புல எனக்கே கால நீட்ட எடமில்ல. ஆகுறதச் சொல்லிட்டேன், ஆகாததையும் சொல்லிட்டேன்."

பெரியம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கையெல்லாம் சோப்பு நுரை. "சரி பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள்.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் பஸ் ஏறப் போனார்கள். அப்பா அட்டைப் பெட்டி ஒன்றில் அம்மாவின் எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அஸ்வினி பெட்டியை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏப்ரல் பெரியம்மாகிட்ட இருந்துக்கிறேன்ப்பா. அவுகளே சொன்னாக. மே மட்டும்தான் மிச்சம்."

கயிறு இழுத்த கை நின்றது. வருவேன் என்று இன்னொரு தடவை சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பதறியது. சபையில் சொன்னதைப் பொறுத்துக்கொண்டாள். தனியாக இருக்கும்போது தன்னிடமும் சொன்னால் அப்புறம் போனில் அவர் பேசுகிற எதை நம்புவது? முடிச்சுப் போடாமல் அவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வர முடியாது தாயி" என்றார்.

"தெரியும்ப்பா. நான்தான படிச்சேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கும் அழுகை வந்தது. அவர்மேல் கோபமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனாலும் பெரியம்மாவையும் சேர்த்தால், ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் இப்போது மூன்று பேர்.

"ஒரு மாசம்தான" என்றார் அப்பா. "முப்பத்தொரு நாளு. யாராச்சும் இருப்பாக." போனை எடுத்துப் பெயர்களை வரிசையாகத் தள்ளினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டு ஒச்சாயி அக்கா பெயரில் நின்று, அவளுக்கே மூன்று பெண்கள் என்று நகர்ந்தார். பட்டறையில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் பெயரில் நின்றார். நல்ல மனுசன், ஆனால் வீட்டில் வயசுப் பையன் இருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தார். சில பெயர்களில் நிற்கவே இல்லை. பிளம்பர், கேஸ்காரர், பள்ளிக்கூட வேன் என்று போய்க்கொண்டே இருந்தது.

பட்டியல் முடிந்தது. அப்பா போனைக் கண்ணுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, மறுபடி மேலே போய் முதல் பெயரிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.